மின்சாரத்தால் உண்டாகும் சூட்டைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா?

முடியும். 'எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளியிறுதித் தேர்வு) இயற்பியலில் படித்த சூத்திரம் போதாதா, இதற்கு எதற்குத் தனிக் கணிதம்?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1841-இல் ஜூல் வெளியிட்ட விதி எளிதானது: மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் எத்தனை வாட் சூடு என்று வந்துவிடும். ஆனால் மின்தடை சும்மா இருக்காது. செம்பு 20 டிகிரியிலிருந்து 80-க்கு ஏறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 24 விழுக்காடு கூடும். அதனால் சூடு இன்னும் கூடும், மின்தடை மறுபடி ஏறும். மின்னோட்டச் சமன்பாட்டையும் வெப்பச் சமன்பாட்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சூட்டுக்கேற்ப மின்தடை வெகுவாக மாறும் தெர்மிஸ்டர் என்ற உறுப்பில் இது இன்னும் வேடிக்கை. சூடேறினால் மின்தடை குறையும் வகைக்கு மாறாத வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள். சூடு ஏற ஏறக் கரண்டை அதிகமாக இழுக்கும். காற்று எடுத்துப் போகும் வெப்பத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு வோல்டேஜைத் தாண்டினால், பொருள் தாங்கும் வெப்பநிலைக்குள் சமநிலையே கிடைக்காது. இதைக் கணக்கிடும் கணினி விடை சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், நாம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம். பாவம், 'இது கருகிவிடும்' என்றுதான் அது சொல்லப் பார்க்கிறது. பேரியம் டைட்டனேட் பீங்கான் இதற்கு நேர்மாறு. 120 டிகிரியை நெருங்கும்போது மின்தடை பல மடங்கு எகிறி, கரண்ட் குறைந்து, சூடு தானே அடங்கிவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஓர் ஓவனுக்குப் போகும் 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்குக் கணினியில் மாடல் போட்டேன். மீட்டருக்கு 0.7 மில்லி ஓம், 100 ஆம்பியர், ஆக 7 வாட். ஒரு மீட்டர் நீளத்துக்கு அது ஒன்றுமே இல்லை. 'பாதுகாப்பு' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில், கேபிள் போய்ச் சேரும் மின் பேனலில் பிளாஸ்டிக் கருகும் வாடை.

வெப்பக் கேமராவில் பார்த்தால் கேபிள் ஒழுங்காகத்தான் இருந்தது. முனையில் இருந்த போல்ட் மட்டும் தகதகவென்று தெரிந்தது. மூத்த டெக்னீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கணக்கெல்லாம் சரி. போல்ட்ட முறுக்கிப் பாத்தியா?" என்றார்.

தளர்ந்த இணைப்பில் 1 மில்லி ஓம் இருந்தாலே 10 வாட். ஒரு மீட்டர் கேபிளில் பரவுவதை விட அதிகமான சூடு, விரல் நுனி அளவு இடத்தில்! என் மாடலிலோ கேபிளும் முனையும் ஒரே செம்பு, நடுவில் இடைவெளியே கிடையாது. இப்போதெல்லாம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு மின்தடை போட்டு, அது இரண்டு மடங்கானால் என்ன ஆகும் என்றும் ஓட்டிப் பார்க்கிறேன்.

அப்புறம், அந்த மாடலில் சுற்றுப்புற வெப்பநிலை 25 டிகிரி என்று வைத்திருந்தேன். பினாங்கில், பிற்பகலில், மூடிய பேனலுக்குள்! அதை மட்டும் அண்ணனிடம் சொல்லவில்லை.