கல்லுக்கு நீர்க்குளிசை: சிறுநீரகம் பழுதாகிவிடுமா?

ஆகாது. வெள்ளவத்தையிலிருந்து மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டயலிசிஸ் வந்துவிடுமோ என்ற பயம்தான் அதில் முக்கால்வாசி. சிறுநீரகக் கல் இரண்டாம் முறையும் வந்ததால் உங்கள் டொக்டர் தந்த ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர்க்குளிசை (சுருக்கமாகத் தயசைட்) அங்கே கொண்டுபோய் விடாது. வடமத்திய மாகாண விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோய் வேறு. நீங்கள் பார்த்த யூடியூப்காரர் இரண்டையும் முடிச்சுப் போட்டால் நீங்களும் போடவேண்டாம்.

ஆனால் அதை நிறுத்திவிட்டு, "இதுவும் மூத்திரம் போகிற குளிசைதானே" என்று அம்மாவின் லாசிக்ஸைப் போட்டிருக்கிறீர்களே! தயசைட், மூத்திரத்தில் போகிற கல்சியத்தைக் குறைக்கும். லாசிக்ஸ் அதைக் கூட்டும். கல்லைத் தடுக்கப் போய் அதற்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். லாசிக்ஸை இன்றைக்கே நிறுத்துங்கள்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி: போன மாதம் விலாவில் வலி, குளிர்நடுக்கம், பனடோல் போட்டதும் சரியாகிவிட்டது. என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான். கல் அடைத்து, தேங்கிய மூத்திரத்தில் கிருமி பிடித்தால், சில மணிநேரத்தில் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிடும். அன்ரிபயோட்டிக் மட்டும் போதாது. குழாய் வைத்து அடைப்பைத் திறக்கவேண்டும். இனிமேல் விலா வலியோடு காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், மூத்திரம் போகாமல் நின்றால், பனடோலைத் தேடாதீர்கள். இரவு 2 மணியானாலும் 1990ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும், இந்த வாரமே ஸ்கானும் மூத்திரப் பரிசோதனையும் செய்யுங்கள்.

தயசைட் எல்லோருக்கும் பலன் தரும் என்றும் சொல்லமாட்டேன். 2023இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், 416 பேரில் சிலருக்கு இதை மூன்று அளவுகளிலும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். கல் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் மூத்திரத்தில் கல்சியம் கூடியவர்களுக்கு இதை இன்னும் கொடுக்கிறோம். நீங்கள் அந்த வகையா? 24 மணிநேர மூத்திரப் பரிசோதனை செய்தால் தெரியும். அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் அது இல்லை. குளிசையைத் திரும்பத் தொடங்கினால் சில வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சீனி பார்க்கவேண்டும். பொட்டாசியம் இறங்கினால் கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டும் குறைந்துவிடும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் குளிசையைத் தொடரலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் தினமும் உள்ளே போனால் எந்தக் குளிசையும் திணறும். உப்பு ஏற ஏற மூத்திரத்தில் கல்சியமும் ஏறும். நாளுக்கு இரண்டரை லீற்றர் மூத்திரம் போகவேண்டும். கொழும்பு வெக்கையில் வியர்ப்பதையும் சேர்த்துத் தண்ணீர் குடியுங்கள்; தேசிக்காய் பிழிந்தால் நல்லது, உப்புப் போடாமல்.

தக்காளி விதையால் கல் வராது. பாலை நிறுத்தியது தவறு, உணவில் கல்சியம் குறைந்தால் கல்லை உண்டாக்கும் ஒக்சலேற்றைக் குடல் கூடுதலாக உறிஞ்சும். வாழைத்தண்டுச் சாற்றுப் போத்தலுக்குக் கொடுக்கும் காசை அந்த 24 மணிநேரப் பரிசோதனைக்கு வையுங்கள்.