அக்கா குடும்பத்தின் பங்கையும் சேர்த்து என் கார்டில் போட்டுவிடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் இருக்கிறேன், வயது 42. மின்வாரிய அலுவலகத்தில் வேலை. பிடித்தம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் போக மாதம் 44,000 ரூபாய் கைக்கு வருகிறது. பிள்ளைகள் இருவரும் ஏழாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். அரையாண்டு விடுமுறையில் அக்கா குடும்பம் நான்கு பேர், நாங்கள் நான்கு பேர், 68 வயது அம்மா என ஒன்பது பேராக ஜெய்சல்மேர் பாலைவனம் போகலாம் என்று பேச்சு. நான்கு இரவு, ஐந்து நாள். வழிகாட்டி, ஜீப், ஒட்டகம், இரண்டு இரவு கூடாரம், ஒரு இரவு மணல்மேட்டில் திறந்தவெளியில் படுக்கை. புத்தாண்டு சமயம் என்பதால் தலைக்கு 17,500 ரூபாய், வரி தனி. மொத்தத்தையும் என் கிரெடிட் கார்டில் போட்டு 18 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ (வட்டியில்லாத் தவணை) ஆக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். ‘நீ போட்டுடு தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அக்கா சொல்கிறார். போன இரண்டு பயணத்திலும் இப்படித்தான் போட்டேன். மூணாறு போனதில் 12,000, கோவா போனதில் 31,000 இன்னும் வரவில்லை. கார்டில் ஏற்கெனவே 94,000 நிற்கிறது, மாதம் 5,000 கட்டி வருகிறேன். நண்பர் சொன்னார் என்று சுற்றுலாவுக்காக மாதம் 3,000 எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாந்திர முதலீடு) போன மாதம் தொடங்கினேன். இந்தப் பயணத்துக்குக் கார்டு சரியா, பெர்சனல் லோன் சரியா? மனைவிக்கும் எனக்கும் இதனால் வீட்டில் நிம்மதி இல்லை. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: கார்டா, லோனா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். வரவு செலவு எழுதி வைக்கத் தெரிந்தவர் நீங்கள், கடிதத்திலேயே அது தெரிகிறது. பட்ஜெட் போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு பழக்கம்தான் உங்களைக் கீழே இழுக்கிறது. ஊர் சுற்றும் ஆசை அல்ல. மற்றவர்கள் பங்கையும் உங்கள் கார்டில் போட்டுவிட்டு, தேதி சொல்லாமல், கேட்கவும் செய்யாமல் உள்ளுக்குள் புழுங்குகிறீர்களே, அதுதான்.

முதலில் அந்த 94,000 ரூபாயைப் பார்ப்போம். உங்கள் கார்டு அறிக்கையில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதம் 3,290 ரூபாய் வட்டி. வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது ஒரு 590. ஆக 3,880. நீங்கள் 5,000 கட்டினால் அசலில் குறைவது 1,120 ரூபாய்தான். இதே வேகத்தில் போனால், இனி ஒரு ரூபாய்கூடத் தேய்க்காவிட்டாலும், கடன் தீர 37 மாதம் ஆகும். கட்டி முடிக்கும்போது 1,85,000 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். பாதி மூணாறுக்கும் கோவாவுக்கும், பாதி வட்டிக்கு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. முழு பாக்கியையும் கட்டாமல் உருட்டிக்கொண்டிருக்கும் கார்டுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. இன்று மளிகைக்கு 2,000 தேய்த்தால் இன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். ஆகவே அந்தக் கார்டை இன்றே பர்ஸிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள்.

இப்போது ‘நோ காஸ்ட்’. வட்டியே இல்லாமல் யாரும் 1,65,000 ரூபாயை ஒன்றரை வருஷம் கடன் தரமாட்டார்கள். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று கிடையாது, வட்டியை வேறு பெயரில் ஒளித்துவைக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. உங்கள் விஷயத்தில் ஒளிந்திருக்கும் இடம் நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. ஒன்பது பேருக்கு 1,57,500, ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 1,65,375. அதே தாளில், வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் அனுப்பினால் 12,000 தள்ளுபடி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தவணைக்குப் போனால் அந்த 12,000 உங்களுக்கு இல்லை. அதற்கு மேல் இரண்டு சதவீதம் செயலாக்கக் கட்டணமும் அதற்கு வரியும் சேர்ந்து 3,900. கிட்டத்தட்ட 16,000 ரூபாய். இதை வட்டி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அந்தத் தவணை மாதம் 9,200 வரும். இப்போதைய 5,000-த்தையும் சேர்த்தால் 14,200. வீட்டுக்கு மிஞ்சுவது 30,000-க்கும் கீழே. பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் மறுபடியும் கார்டைத்தான் தேய்ப்பீர்கள்.

சரி, அக்காவுக்கு வருவோம். நீங்கள் எழுதத் தயங்கிய இடம் அதுதான் என்று தெரிகிறது.

நம் வீடுகளில் மொய் நோட்டு இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன் யார் 101 வைத்தார், யார் 251 வைத்தார் என்பது அதில் இருக்கும். திருப்பிச் செய்யாவிட்டால் ஊரே பேசும். அதே வீட்டில் 43,000 ரூபாய்க்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அக்கா ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணில் பில்லே படவில்லை. மூணாறில் எவ்வளவு ஆனது, தன் பங்கு எவ்வளவு என்று நீங்கள் அவரிடம் ஒரு தடவையாவது தொகை சொன்னீர்களா? ‘சொல்லிக் கேட்கணுமா, அவங்களுக்கே தெரியாதா’ என்று மனைவி சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தெரியாது, அம்மா. உண்மையிலேயே தெரியாது. ஆளாளுக்கு ஒரு கணக்கு மனதில் இருக்கும், அக்கா மனதில் இருப்பது ‘தம்பிக்கு ஏதோ கொஞ்சம் தரணும்’ என்பதாகத்தான் இருக்கும்.

அத்தான் போன வருஷம் புதுக் கார் எடுத்ததைக் கொஞ்சம் மனத்தாங்கலோடு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காருக்கு அவர் மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டுதான் இருப்பார். ஏனென்றால் அந்தக் கடனுக்குத் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, தவறினால் போன் வரும். உங்கள் கடனுக்கு மூன்றும் இல்லை. வேறு யாருக்கோ ஒழுங்காகக் கட்டும் மனிதர் உங்களுக்கும் கட்டுவார், நீங்கள் தேதி சொன்னால்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். ‘அக்கா, மூணாறுல 12,000, கோவாவுல 31,000, உங்க பங்கு பாக்கி இருக்கு. கார்டுல வட்டி ஏறுது, என்னால தாங்க முடியல. தீபாவளிக்குள்ள பாதி, பொங்கலுக்குள்ள பாதி கொடுத்துடுங்க.’ அவ்வளவுதான். வட்டியைக் கேட்காதீர்கள், அதை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய கதை எதையும் இழுக்காதீர்கள். அம்மா முன்னால் பேச வேண்டாம், அவர் நடுவில் மாட்டிக்கொண்டு உங்களைத்தான் அடக்குவார்.

இனி எந்தப் பயணமானாலும் அவரவர் குடும்பம் அவரவர் பங்கை நேராக ஏற்பாட்டாளருக்குக் கட்டட்டும். ஜெய்சல்மேரில் இது புதிதல்ல. கால் பங்கோ மூன்றில் ஒன்றோ முன்பணம் வாங்கிக்கொண்டு மீதியை அங்கே போய்க் கொடுக்கச் சொல்பவர்கள் நிறைய. குடும்பத்துக்கு ஒரு ரசீது கேட்டால் கொடுப்பார்கள். இந்தக் கணக்கில் அக்கா குடும்பத்தின் பங்கு 73,500, உங்களுடையது அம்மாவோடு 91,875. இந்தத் தொகையைக் கேட்டதும் அக்காவே ‘இந்த வருஷம் வேணாம்டா’ என்று சொல்லலாம். சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

கடனைத் தீர்க்க உங்களிடமே வழி இருக்கிறது. அலுவலகத்தில் ஊழியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினர் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே 12 சதவீதத்துக்கு 94,000 கிடைத்தால் வாங்கி, அன்றே கார்டு பாக்கியை முழுசாகக் கட்டிவிடுங்கள். மாதத் தவணை 8,350, ஒரே வருஷத்தில் முடியும், மொத்த வட்டி 6,200 சொச்சம். கார்டிலேயே விட்டால் வட்டி மட்டும் 91,000. இந்த 8,350 எங்கிருந்து வரும்? இப்போது கார்டுக்குக் கட்டும் 5,000, அந்த எஸ்ஐபி 3,000, கூட ஒரு 350.

ஆமாம், எஸ்ஐபியை நிறுத்தச் சொல்கிறேன். எஸ்ஐபி தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் வருஷத்துக்கு 42 சதவீத வட்டி கட்டிக்கொண்டு, 12 சதவீதம் வந்தாலும் வரலாம் என்ற இடத்தில் பணம் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுப்பது மாதிரி. அதிலும் ஒன்றரை வருஷத்தில் தேவைப்படும் பயணப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடவே கூடாது. கிளம்புகிற மாதம் சந்தை இறங்கிக் கிடந்தால் என்ன செய்வீர்கள்? வங்கியில் மாதா மாதம் போடும் ஆர்டி (தொடர் வைப்பு) போதும். ‘இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்’ என்று வரும் செயலிகள், வருஷா வருஷம் விடுதியில் தங்கலாம் என்று லட்சக்கணக்கில் வாங்கும் விடுமுறை கிளப் உறுப்பினர் திட்டம், இரண்டையும் யாராவது உங்களிடம் கொண்டுவருவார்கள். பேச்சை வளர்க்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அக்கா 43,000-த்தைக் கொடுத்துவிட்டால் சங்கத்தில் 51,000 வாங்கினால் போதும், ஏழு மாதத்தில் முடிந்துவிடும். கொஞ்சம் தாமதமாக வந்தால் தவணை ஓரிரு மாதம் நீளும், அதனால் ஒன்றும் குடி முழுகாது. இந்த அக்டோபரில் தொடங்கினால் ஏப்ரலில் கடன் இல்லை. மே முதல் அடுத்த ஜனவரி வரை ஒன்பது மாதம் அதே 8,350-ஐ ஆர்டியில் போட்டால் 75,000 சேரும். தீபாவளி போனஸ் 16,800 வருகிறது என்கிறீர்கள். இரண்டு தீபாவளியிலும் பாதியை எடுத்து வைத்தால் இன்னொரு 16,800. ஆக 91,800 ரூபாய், ஒரு பைசா கடன் இல்லாமல்.

அதில் ஐந்து பேர் போக முடியுமா? முடியும், ஆனால் புத்தாண்டில் முடியாது. டிசம்பர் கடைசி வாரம் ஜெய்சல்மேருக்குப் பக்கத்தில் உள்ள சாம் மணல்மேடுகளில் விலை உச்சத்தில் இருக்கும். ஜனவரி முதல் வாரம் தாண்டியதும் இறங்கிவிடும், குளிரும் வானமும் அப்படியேதான் இருக்கும். ஜனவரி கடைசியில், குடியரசு தினத்தை ஒட்டிப் போங்கள். அடுத்த வருஷம் எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் பிள்ளைகள் ஒரு வாரம் லீவு போட்டால் படிப்பு கெட்டுவிடாது. பெரும்பாலும் பிப்ரவரியில் பாலைவனத் திருவிழா வரும், அப்போது கூட்டமும் விலையும் மறுபடி ஏறும், அதைத் தவிருங்கள்.

நான்கு இரவு வேண்டாம், மூன்று போதும். முதல் இரவு ஜெய்சல்மேர் ஊரில், கோட்டையைப் பார்த்தபடி. 1156-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, இன்றும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. அடுத்த இரண்டு இரவு மணலில். ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சாமில் கூடாரங்கள் வரிசையாக நிற்கும், பாட்டும் விளக்கும் ராத்திரி வெகுநேரம் அடங்காது. தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் குரி என்ற கிராமம். நான் போனது அங்கேதான். ஒட்டகக்காரர் மணலிலேயே அடுப்பு மூட்டிக் கம்பு ரொட்டி சுட்டார். இரவில் ஒரு விளக்கு இல்லை, கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கண்ணை மூட மனம் வரவில்லை. என் மகள் இன்றும் அதைத்தான் பேசுகிறாள், ‘லக்சுரி’ கூடாரத்தின் குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கூடாரத்துக்குத்தான் நாங்கள் அதிகம் கொடுத்தோம்.

மூன்று இரவுக்குத் தலைக்கு 9,000 என்று வைத்தால் 45,000, வரியோடு 47,250. ரயில், வழிச் சாப்பாடு, கைச்செலவுக்கு ஐந்து பேருக்கு 42,000. மொத்தம் 90,000-க்குள். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் பக்கத்து பகத் கி கோட்டிக்குப் போகும் வாராந்திர ரயில் உங்கள் ஊர் வழியாகவே போகிறது. இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. கூடாரத்திலிருந்து மணல்மேடு எவ்வளவு தூரம்? ‘ஒட்டகச் சவாரி’ என்பது அரை மணி நேரமா, அரை நாளா? ஜீப் கட்டணம் உள்ளே இருக்கிறதா, அங்கே போனதும் தனியாகக் கேட்பார்களா? போக முடியாவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? பேரம் பேசுங்கள், ஆனால் ஒட்டகக்காரர் கூலியில் கை வைக்காதீர்கள். 2012-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் நாட்டில் ஒட்டகங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிட்டன. வருமானம் இல்லாமல் அவர்கள் அதை வளர்க்க முடியாது.

அம்மாவை ஒட்டகத்தில் ஏற்ற வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும், மேலே இருப்பவர் முன்னால் சரிவார், 68 வயது இடுப்புக்கு அது ஆகாது. அவருக்கு ஜீப் பேசிக்கொள்ளுங்கள், கூடாரத்தில் கட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஜனவரி இரவில் அங்கே சில நாள் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும், தஞ்சாவூர்ப் பக்கத்து உடம்புக்கு அது பழக்கமில்லை. ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாவற்றையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.