துணைவருக்கு ஐரோப்பியப் பாஸ்போர்ட், உங்களுக்கு இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்: பயண உரிமை கேள்வி பதில்

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களோடு பயணிக்கும் கணவன், மனைவியின் உரிமைகள் 2004/38/இசி என்ற டைரக்டிவில், அதாவது ஒன்றியத்தின் சட்ட ஆணையில், இருக்கின்றன. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனிலும் அது செல்லும். சுவிட்சர்லாந்துக்குத் தனி ஒப்பந்தம். கேட்கும்போது மூன்று விவரம் சொல்லுங்கள்: துணைவரின் பாஸ்போர்ட் எந்த நாடு, வசிப்பது எந்த நாடு, உங்கள் அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது. இது தெரியாமல் பதில் சொன்னால் தப்பாகத்தான் போகும்.

பெர்லினிலிருந்து: ஐயா, கணவர் ஜெர்மன் குடிமகன். நான் இந்தியப் பாஸ்போர்ட். ஜெர்மன் கார்டு இருக்கிறது. டப்ளினுக்கு நான்கு நாள் போக விசா வேண்டுமா? தோழி ஒருத்தி வேண்டாம் என்கிறாள். அவள் கணவர் இத்தாலியர்.

தோழி சொல்வது அவளுக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்குப் பொருந்தாது. டைரக்டிவ், தன் சொந்த நாட்டை விட்டு வேறு உறுப்பு நாட்டுக்குப் போன குடிமகனுக்கானது. இத்தாலியர் ஜெர்மனியில் இருந்தால் அவர் மனைவிக்கு டைரக்டிவின்படி 'ஆஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டே' கிடைக்கும். உங்கள் கணவர் தன் நாட்டிலேயே இருக்கிறார். ஆகவே உங்கள் அட்டை ஜெர்மன் உள்நாட்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் தந்தது, அதில் 'ஆஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லாப்னிஸ்' என்று இருக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் அட்டைதான்.

ஷெங்கனுக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்குள், இந்த வித்தியாசம் தெரியாது. எந்த 180 நாளிலும் 90 நாள் வரை பிற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். ஆனால் அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. அங்கே விசாவிலிருந்து விலக்கு டைரக்டிவின் 10-ஆம் பிரிவு (குடும்பத்தினருக்கான ரெசிடென்ஸ் கார்டு), 20-ஆம் பிரிவு (நிரந்தர ரெசிடென்ஸ் கார்டு) அட்டைகளுக்கு மட்டும். உங்களுக்கு ஐரிஷ் விசா வேண்டும். கணவரோடு போவதால் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்திலேயே 'ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர்' என்று குறிப்பிட்டுத் திருமணச் சான்றிதழை முதல் தாளாக வையுங்கள். சாதாரணச் சுற்றுலா விசா என்று போட்டுவிட்டால் பணமும் கேட்பார்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள்.

புதுச்சேரியிலிருந்து: என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். இருவரும் புதுச்சேரியில்தான் இருக்கிறோம். ஸ்பெயினுக்குச் சேர்ந்து போகிறோம். விசா சென்டரில் 90 யூரோ, இன்ஷூரன்ஸ், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கேட்கிறார்கள். கட்டாயமா?

ஸ்பெயின் உங்கள் மனைவியின் சொந்த நாடு இல்லை; ஆகவே டைரக்டிவ் முழுதாகப் பொருந்தும். பாரிஸ் மட்டும் போவதாக இருந்தால் பிரான்சின் உள்நாட்டுச் சட்டம், கதை வேறு.

விசா வேண்டும், ஆனால் இலவசம், விரைவு நடைமுறை. தூதரகம் பார்க்க வேண்டியது மூன்றுதான்: ஒன்றியக் குடிமகள் ஒருவர் இருக்கிறாரா, நீங்கள் அவருடைய கணவரா, அவரோடு போகிறீர்களா அல்லது போய்ச் சேர்கிறீர்களா. அவருடைய பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், இருவர் பெயரும் உள்ள டிக்கெட் முன்பதிவு அல்லது அவர் கையெழுத்திட்ட கடிதம் போதும். பயண இன்ஷூரன்ஸ், ஹோட்டல் புக்கிங், சம்பளச் சீட்டு தேவையில்லை. ஷெங்கன் விண்ணப்பப் படிவத்தில் நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை, அதாவது வேலை, அழைப்பவர், செலவு யார் ஏற்கிறார் என்பவற்றை, காலியாக விடுங்கள். நிரப்பினால் கவுண்டர் ஊழியர் உங்களைச் சாதாரண வரிசையில் சேர்த்துவிடுவார். பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விசா சென்டரின் சேவைக் கட்டணம் தனி. அதைத் தவிர்க்க வேண்டுமென்றால் தூதரகத்திலேயே நேரில் கொடுக்க உரிமை உண்டு. மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள், அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். பொது ஒழுங்கு, பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், போலித் திருமணம் போன்ற மோசடி, இந்தக் காரணங்களுக்குத்தான் மறுக்கலாம். அதையும் எழுத்தில் தந்து மேல்முறையீட்டு வழி சொல்ல வேண்டும். 'திரும்பி வருவார் என்று நம்பிக்கையில்லை' என்ற வழக்கமான காரணம் உங்களிடம் செல்லாது. அப்படி எழுதியிருந்தால் சால்விட் என்ற ஒன்றியத்தின் இலவச உதவி அமைப்பில் புகார் பதியுங்கள். பத்து வாரத்துக்குள் தீர்ப்பது அவர்கள் இலக்கு. மேல்முறையீட்டுக் கெடு அதற்காக நிற்காது, ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

அவரே மீண்டும்: கோயிலில் தாலி கட்டினோம். கோயில் ரசீது இருக்கிறது. போதுமா?

போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் வாங்கி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்வதற்கான அரசுச் சான்று முத்திரை) போடுங்கள். இந்திய அப்போஸ்டிலை ஏற்காத நாடும் உண்டு, அந்தத் தூதரகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கட்டும். நம் இனிஷியலை ஒரு தாளில் விரித்தும் மறு தாளில் சுருக்கியும் எழுதி வைத்திருப்போம். வேறு ஆளோ என்று அங்கே சந்தேகம் வந்துவிடும்.

டப்ளினிலிருந்து: மனைவி போலந்துக்காரி. என்னிடம் 'ஸ்டாம்ப் 4 இயூ ஃபேம்' கார்டு. ரோமுக்குப் போகும்போது ஏர்லைன் கவுண்டரில் ஷெங்கன் விசா எங்கே என்று நிறுத்திவிட்டார்கள், அண்ணா.

நீங்கள் சொல்வது 10-ஆம் பிரிவு அட்டை என்றால் விசா வேண்டாம். ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாடு கொடுத்தது என்பதும் தடையில்லை. 2014-இல் மெக்கார்த்தி வழக்கில், இந்த அட்டை இருக்கும்போது கூடுதல் அனுமதி கேட்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2020-இல் ரையன்ஏர் வழக்கில், 20-ஆம் பிரிவின் நிரந்தர அட்டைக்கும் அதே விலக்கு உண்டு என்றது.

பின் ஏன் நிறுத்துகிறார்கள்? ஆவணம் இல்லாத ஆளை ஏற்றினால் அபராதம் ஏர்லைனுக்கு. ஊழியர் டிமேட்டிக் என்ற தரவுத்தளத்தில் 'இந்தியா, இத்தாலி' என்று போட்டதும் 'விசா தேவை' என்று வரும்; குடும்பத்தினருக்கான விலக்கு கீழே குறிப்பில் இருக்கும். அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மனைவியோடு ஒன்றாகக் கவுண்டருக்குப் போங்கள், திருமணச் சான்றிதழ் கையில் இருக்கட்டும், மூன்று மணி நேரம் முன்னே வாருங்கள்.

மனைவி ரோமில் இருந்து நீங்கள் போய்ச் சேர்ந்தாலும் விலக்கு உண்டு; அவருடைய டிக்கெட் நகலைக் காட்டுங்கள். நண்பர்களோடு தனியே ரோம் சுற்றுவதற்கு இந்த விலக்கு இல்லை, விசா எடுக்க வேண்டும். துணைவர் ஐரிஷ்காரராக இருப்பவருக்கு அயர்லாந்தில் கிடைப்பது உள்நாட்டுச் சட்டப்படியான வெறும் 'ஸ்டாம்ப் 4'. அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், இலவசமாக.

பாரிஸிலிருந்து: அண்ணை, நான் பிரெஞ்சுக் குடியுரிமை. மனுசி யாழ்ப்பாணத்தில. பெல்ஜியத்துக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்து கூப்பிட்டால் சுலபம் எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?

வழி உண்மைதான், 'கொஞ்ச நாள்' என்பதுதான் பொய். 1992-இல் சுரீந்தர் சிங் தீர்ப்பு இதைத் திறந்தது: இந்தியக் கணவரும் பிரிட்டிஷ் மனைவியும் ஜெர்மனியில் வேலை செய்து பிரிட்டன் திரும்பியபோது ஒன்றியச் சட்டப் பாதுகாப்பு கூடவே வந்தது. 2014-இல் ஓ மற்றும் பி வழக்கில் எல்லை போட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல், 7-ஆம் பிரிவின் நிபந்தனையோடு (வேலை, அல்லது போதிய பணமும் மருத்துவ இன்ஷூரன்ஸும்), இருவரும் உண்மையாகக் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும். வார இறுதியில் போய்வந்தது கணக்கில் வராது. வாடகை ஒப்பந்தம், பெல்ஜிய வேலை, நகராட்சிப் பதிவு, மனுசியின் பெல்ஜிய ரெசிடென்ஸ் கார்டு எல்லாம் வேண்டும். வேலையை விட்டு வீடு மாற வேண்டும் என்றால், பாரிஸில் இருந்தே வழக்கமான துணைவர் விசா போடுவது பெரும்பாலானோருக்கு லாபம்.

நெதர்லாந்திலிருந்து: மனைவி ஸ்பெயின் குடிமகள், இங்கே வேலை. ரெசிடென்ஸ் கார்டுக்கு விண்ணப்பித்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சென்னை போய்வரலாமா?

போகலாம், திரும்புவதில்தான் சிக்கல். விண்ணப்பித்த உடனே தரும் சான்றிதழ் வசிப்பதற்கு ஆதாரம். விசாவுக்கு மாற்று இல்லை. கார்டு வர ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். திரும்ப உங்களுக்கு நுழைவு விசா வேண்டும், இலவசமாக. மனைவியின் பாஸ்போர்ட், பதிவுச் சான்று நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லையில் விசா இல்லாமல் நின்றால், திருப்பி அனுப்புமுன் நிரூபிக்க நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்று 5(4) பிரிவு சொல்கிறது. ஆனால் சென்னையில் விமானம் ஏற்றவே மாட்டார்கள். தரை வழிக்கும் படகுக்கும்தான் அது உதவும்.

மூனிச்சிலிருந்து: கணவர் பிரெஞ்சுக்காரர். லண்டனுக்கும் விசா இல்லாமல் போகலாமா?

இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அங்கே டைரக்டிவ் முடிந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டிஷ் விசிட்டர் விசா, முழுக் கட்டணம்.

ரோமிலிருந்து: மனைவி ஜெர்மன். மதுரையில் இருக்கும் என் அம்மாவையும் அழைத்துக்கொள்ளலாமா?

துணைவரின் பெற்றோரும் பட்டியலில் உண்டு, உங்களை நம்பி வாழ்பவராக இருந்தால். 2007 ஜியா தீர்ப்பின்படி சொந்த ஊரிலேயே அடிப்படைத் தேவைக்கு உங்கள் பணம் தேவைப்பட்டிருக்க வேண்டும். 'பார்த்துக்கொள்வேன்' என்ற உறுதிக் கடிதம் மட்டும் போதாது. மாதாமாதம் அனுப்பிய பணத்தின் வங்கிப் பதிவு வேண்டும்.

லிஸ்பனிலிருந்து: என் கார்டு பழைய வடிவம், 2027 வரை தேதி இருக்கிறது.

தேதியை நம்ப வேண்டாம். 2021 ஆகஸ்ட் முதல் புது வடிவ அட்டை. அதில் 'ஃபேமிலி மெம்பர் இயூ ஆர்ட் 10 டிஐஆர் 2004/38/இசி' என்ற வரி இருக்கும். அந்த வடிவத்துக்கு ஒவ்வாத அட்டைகளுக்கு, மேலே என்ன தேதி இருந்தாலும், 2026 ஆகஸ்ட் 3 கடைசி. சரியான அட்டையோடு எல்லைக்கு வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தக்கூடாது. எல்லையில் வருவோர் போவோரைப் பதியும் புதிய இஇஎஸ் முறையின் கைரேகைப் பதிவிலிருந்தும் விலக்கு உண்டு. தானியங்கிக் கியோஸ்க்கை விட்டு ஆள் இருக்கும் கவுண்டருக்குப் போய் அட்டையை முதலில் நீட்டுங்கள்.