அலைக்கற்றை கேள்வி-பதில்: 3-ஆம் சேனல் காலியாக இல்லை

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கே: வேளச்சேரியில் அபார்ட்மென்ட். ஆப்பில் பார்த்தால் 1, 6, 11 மூன்றிலும் கூட்டம். 3 காலியாக இருந்ததால் அதற்கு மாறினேன். முன்பைவிட மோசமாகிவிட்டதே, ஏன்?

ப: 3 காலியாக இல்லை. சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை சிக்னலோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 3-இல் உட்கார்ந்தால் 1-இன் மேலும் 6-இன் மேலும் சேர்ந்தே உட்காருகிறீர்கள்.

ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்களுக்கு ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியும். பக்கத்து வீட்டு பாக்கெட்டின் (ஒரு தடவை அனுப்பும் தரவுத் துண்டு) தொடக்கம் மைனஸ் 82 டிபிஎம் அளவில் கேட்டாலே போதும் (டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்கப் பலம் கூடும்), அது முடியும்வரை உங்கள் ரூட்டர் காத்திருக்கும். சேனல் அரைகுறையாக விலகியிருந்தால் அந்தத் தொடக்கத்தைப் படிக்க முடியாது, வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். இரைச்சலுக்கு ஒதுங்கும் அளவு மைனஸ் 62. வித்தியாசம் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு பலமாக இருந்தால்தான் ஒதுங்கும். அதற்குக் குறைந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி இருவர் பாக்கெட்டும் வீணாகும். 1, 6, 11-இல் எதில் பலமான சிக்னல்கள் குறைவோ அதற்குப் போங்கள். அகலம் 20 போதும், 2.4-இல் 40 மெகாஹெர்ட்ஸ் வைக்கவே கூடாது. டிவியையும் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கே: வைஃபை ரொம்ப ஸ்லோ சார். என்ன செய்யலாம்?

ப: இவ்வளவுதான் கடிதம். 2.4-ஆ, 5-ஆ? எந்தச் சேனல், எத்தனை அகலம், சுற்றிலும் எத்தனை நெட்வொர்க்? ரூட்டருக்குப் பக்கத்திலும் ஸ்லோவா, படுக்கையறையில் மட்டுமா? இதெல்லாம் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.

கே: மைக்ரோவேவ் அவன் ஓடும்போது வீடியோ கால் திக்கித் திணறுகிறது. அவன் பழுதா?

ப: பழுதில்லை. அவன் வேலை செய்வதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், சாதாரண அவன் 20 மில்லிசெகண்டில் ஏறக்குறைய பாதி நேரம் கத்தும், மீதி நேரம் சும்மா இருக்கும். போனை 5 கிகாஹெர்ட்ஸில் போடுங்கள்.

கே: வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் தள்ளாடுகிறது.

ப: யுஎஸ்பி 3.0 ஒயரிலிருந்தும் செருகுமிடத்திலிருந்தும் 2.4 பக்கம் இரைச்சல் கசியும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. மவுஸின் டாங்கிளை (கணினியில் செருகும் சின்ன ரிசீவர்) ஒரு நீட்டிப்பு ஒயரில் போட்டு எட்ட வையுங்கள். சரியாகிவிடும்.

கே: எங்கள் கல்லூரி விடுதியில் ஒவ்வொரு ஆக்ஸஸ் பாயின்டிலும் மாணவர், ஆசிரியர், விருந்தினர், அலுவலகம், கேமரா, டெஸ்ட் என்று ஆறு நெட்வொர்க் பெயர்கள் வைத்திருக்கிறோம். யாரும் பயன்படுத்தாத இரவிலும் சேனல் பிஸி என்று காட்டுகிறதே?

ப: அந்த ஆறு பெயர்கள்தான் காரணம். ஒவ்வொரு பெயருக்கும் ஏறக்குறைய 100 மில்லிசெகண்டுக்கு ஒரு பீக்கன், அதாவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு, போகிறது. பழைய கருவிகளுக்காக 1 எம்பிபிஎஸ் வேகத்தை விட்டுவைத்திருப்பீர்கள்; அந்த வேகத்தில் 300 பைட் பீக்கன் ஒன்றுக்கு இரண்டரை மில்லிசெகண்ட் பிடிக்கும். பெயருக்கு இரண்டரை சதவீதம், ஆறுக்கு 15 சதவீதம். ஒரே சேனலில் மூன்று ஆக்ஸஸ் பாயின்ட்கள் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், ஒரு மாணவரும் இணையாமலே நேரத்தில் பாதிக்குப் பக்கம் போய்விட்டது. இரண்டு பெயருக்குக் குறையுங்கள். 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் வேகங்களை அணைத்துவிடுங்கள். பவரையும் குறையுங்கள். ஆக்ஸஸ் பாயின்ட் எவ்வளவு கத்தினாலும் மாணவர் கையிலிருக்கும் போன் அந்தப் பலத்தில் திரும்பப் பேசப்போவதில்லை.

கே: நாகர்கோவில் பக்கம் மொட்டை மாடிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் வைத்துச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இணைப்பு கொடுக்கிறோம். டிஎஃப்எஸ் (ரேடார் தெரிந்தால் சேனலை விட்டு விலகும் ஏற்பாடு) காரணமாக அடிக்கடி சேனல் மாறி லிங்க் விழுகிறது. கருவியின் செட்டிங்கில் நாட்டுப் பெயருக்குப் பதில் ‘கம்ப்ளையன்ஸ் டெஸ்ட்’ என்று போட்டால் டிஎஃப்எஸ் தொல்லை போய்விடும், பவரும் கூடும் என்று நண்பர் சொல்கிறார். லைசென்ஸ் இல்லாத பேண்ட்தானே, செய்யலாமா?

ப: செய்யாதீர்கள். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று அர்த்தமில்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 600 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டபோது சேர்த்தே சொன்னது: பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, நமக்கு இடையூறு வந்தால் பாதுகாப்பு கேட்க முடியாது, யாருக்கும் தனியுரிமை கிடையாது. லைசென்ஸ் பெற்ற ஒருவர் புகார் செய்தால் நாம்தான் இடம் மாற்ற வேண்டும், பவரைக் குறைக்க வேண்டும், ஆன்டெனாவை மாற்ற வேண்டும். முடியாவிட்டால் அணைக்க வேண்டும்.

அந்த அலைவரிசையில் நமக்கு முன்பே இருப்பது ரேடார். டிஎஃப்எஸ் கருவி சேனலைத் தொடுமுன் 60 செகண்ட் கேட்கிறது. ஐரோப்பாவில் 5600 முதல் 5650 வரை வானிலை ரேடார் பகுதியென்றால் பத்து நிமிடம். ரேடார் துடிப்பு தெரிந்தால் பத்து செகண்டுக்குள் விலகி, அரைமணி நேரம் அந்தப் பக்கம் திரும்பாது. உங்களுக்குத் தொல்லையாகத் தெரிவது இதுதான். இந்தப் பேண்டை நமக்குக் கொடுத்ததே இந்தப் பழக்கத்தை நம்பித்தான்.

வானிலை ரேடார் கேட்பது மழைத்துளியில் பட்டுத் திரும்பும் மிக மெல்லிய எதிரொலியை. அதன் பார்வையில் உங்கள் லிங்க் விழுந்தால், படத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உங்கள் டவர் இருக்கும் திசையில் ஒரு மெல்லிய ஆப்பு போலக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் மழை இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் 2009 வாக்கில் இதுதான் நடந்தது. விமானம் இறங்கும் இடத்தில் திடீர்க் காற்று மாற்றத்தைக் கண்டுபிடிக்க வைத்த ரேடார் அது. தேடிப் போனபோது கட்டடங்களின் மேலிருந்த 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க்குகள் அகப்பட்டன. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி அபராதம் போட்டது.

சென்னை, காரைக்கால் ரேடார்கள் எஸ்-பேண்ட் என்ற வேறு அலைவரிசை, இதில் சேராது என்பீர்கள். சரி. ஆனால் உங்களுக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டரில், திருவனந்தபுரம் தும்பாவில் இருப்பது சி-பேண்ட், அதாவது நம் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் ரேடார். ஒக்கி புயலைப் பார்த்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, கடலுக்குப் போனவர்களுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணை மறைக்கலாமா என்று நீங்களே யோசியுங்கள். அந்த நண்பர் சொன்னதைக் கேட்டு ஏற்கெனவே மாற்றியிருந்தால் இன்றைக்கே திருப்பி இந்தியா என்று போடுங்கள்.

லிங்க் விழாமல் இருக்க வழி இருக்கிறது. 5725-க்கு மேல் 5875 வரை டிஎஃப்எஸ் தொல்லை இல்லாத இடம். அங்கே நெரிசல் என்றால் அதற்குக் காரணம் எல்லோரும் 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்திருப்பதுதான். 20-க்கு இறங்குங்கள். எல்லாத் திசையிலும் வீசும் ஆன்டெனாவுக்குப் பதில் குறுகிய டிஷ் போடுங்கள். மறுமுனையில் மைனஸ் 55 டிபிஎம் வந்தால் தாராளம். அதற்கு மேல் பவர் ஏற்றினால் பக்கத்து ஆபரேட்டர் ஏற்றுவார், அப்புறம் நீங்கள் மறுபடி ஏற்றுவீர்கள், இருவருக்கும் ஒரு லாபமும் கிடையாது. பக்கத்து டவர்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சேனல் பிரித்துக்கொள்வது எந்த செட்டிங்கையும்விட நல்ல பலன் தரும்.

கே: மொபைல் கம்பெனிகளும் வைஃபை பேண்டில் வருகிறார்களாமே? நம் வைஃபை என்ன ஆகும்?

ப: எந்த முறையில் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதலில் வந்த எல்டிஇ-யு (4ஜி-யை வைஃபை பேண்டில் ஓட்டும் முறை), சேனல் காலியா என்று கேட்டுவிட்டுப் பேசுவதில்லை; தானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு பேசும், நிறுத்தும். 2017 பிப்ரவரியில் எஃப்சிசி அதற்கு அனுமதி கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 13-ஆம் வெளியீட்டில் கொண்டுவந்த எல்ஏஏ என்ற முறை கேட்டுவிட்டுத்தான் பேசும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அது கட்டாயமும்கூட. எல்ஏஏவோடு வைஃபை வாழ்ந்துவிடும்.

கே: மாடி வீட்டு வைஃபை தொல்லை தாங்கவில்லை. சின்ன ஜாமர் (சிக்னலை முடக்கும் கருவி) ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா?

ப: கூடாது. இந்தியாவில் தனியார் ஜாமர் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். மாடி வீட்டில் போய்ப் பேசுங்கள்.

கே: கோவையில் வீட்டு விளக்குகள் எல்லாம் ஜிக்பீ (2.4-இல் ஓடும் குறைந்த பவர் வயர்லெஸ் முறை). வைஃபை மேல் மோதாமல் எந்தச் சேனல் வைப்பது?

ப: வைஃபையை 1, 6, 11-இல் ஒன்றில் நிறுத்திவிட்டு ஜிக்பீயை அதன் சொந்த எண் வரிசையில் 25-இல் வையுங்கள். வைஃபை 13-இல் இருந்தால் 25-உம் 26-உம் அடிபடும். ஆட்டோ சேனலை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் ரூட்டர் தானாகவே அங்கே போய்விடும்.