ஸ்நூக்கரில் மேட்ச் ஃபிக்ஸிங் நிஜமாகவே நடக்கிறதா? சர்ச்சைக்குப் பேர்போன ஆட்டக்காரர்கள்தான் அதில் மாட்டுகிறார்களா?

நடந்திருக்கிறது. விசாரித்துத் தண்டனையும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் 'இல்லை'. சத்தம் போட்டவர்கள், சண்டை போட்டவர்கள் ஒரு பக்கம். ஆட்டத்தை விற்றவர்கள் வேறு பக்கம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொதுவான பெயர் அதிகம் தேறாது.

அதற்கு முன் என் கதை ஒன்று. ஸ்நூக்கர் தெரியாதவர்களுக்கு: மேஜைமேல் இருக்கும் வெள்ளைப் பந்தைக் க்யூ என்ற குச்சியால் அடித்து, அது மோதும் வண்ணப் பந்துகளை மேஜை ஓரத்துப் பாக்கெட்டுகளில் விழ வைக்கிற ஆட்டம். கோவையில் ஒரு ஸ்நூக்கர் பார்லரில் பதினைந்து வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, என் அதிகபட்ச பிரேக் (தவறவிடாமல் தொடர்ந்து போட்டுச் சேர்த்த புள்ளி) 41. எங்கள் பார்லரில் தோற்றவன்தான் டேபிள் காசு கட்ட வேண்டும். ஒருநாள் சாயங்காலம், பார்லர்காரருக்கு வேண்டிய ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தேன். நடுவில் க்யூ நுனியில் தேய்க்கச் சாக் எடுக்கப் போனபோது பார்லர்காரர் மெதுவாகச் சொன்னார்: “கண்ணு, அண்ணன் ஜெயிச்சா ராத்திரி வரைக்கும் ஆடுவாரு. பாத்துக்க. டேபிள் காசு உனக்கு வேண்டாம்.”

நான் 6 புள்ளி முன்னால் இருந்தேன். மேஜையில் நீலம் (5 புள்ளி), பிங்க் (6), கருப்பு (7) மட்டும். நீலம் நேர்ப் பந்து, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதைத் தவறவிட்டால் பார்லரே சிரிக்கும். அதனால் நீலத்தைப் போட்டேன். போடும்போது அடியில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், கூடுதல் வேகம் வைத்தேன். வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடி மேஜை விளிம்புக் குஷனில் போய் ஒட்டிக்கொண்டது. இப்போது பிங்க் உண்மையிலேயே கஷ்டமான பந்து. அடித்தேன். பாக்கெட் வாயில் போய் நின்றது. ‘ச்ச’ என்றேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ‘ச்ச’ என்றார்கள். அவர் பிங்க்கையும் கருப்பையும் போட்டு 2 புள்ளியில் ஜெயித்தார்.

டேபிள் காசு மிச்சம். ஆனால் அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது: நான் கடைசியாகத் தவறவிட்ட பிங்க்கில் பொய்யே இல்லை. அது யாருக்கும் தவறக்கூடிய பந்துதான். பொய் இருந்தது அதற்கு முந்தைய அடியில், அதுவும் வெற்றிகரமாகப் போட்ட பந்தில். அதை எந்த கேமரா பிடிக்கும்?

இந்த ஆட்டத்தின் விசித்திரம் இதுதான். சட்டையின் நுனி ஒரு பந்தில் பட்டால்கூட ஆட்டக்காரரே நிமிர்ந்து தன் மேல் ஃபவுல் சொல்லிவிடுவார். நடுவர் பார்த்திருக்கவே மாட்டார். கிரிக்கெட்டில் பந்து மட்டையில் உரசியது தெரிந்தும் நிற்கிற ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும். அடித்தவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்பதால் அவன் பேச்சை நம்புகிறார்கள். ஃபிக்ஸிங் நுழைவதும் அதே ஓட்டை வழியாகத்தான். (ஒரு கிளைச்செய்தி: 1875-ல் ஜபல்பூரில் ஆங்கிலேய அதிகாரிகள் பொழுதுபோகாமல் உருவாக்கிய ஆட்டம் இது. விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். அந்த பில்லியர்ட்ஸ் அறை இன்னும் இருக்கிறது.)

சரி, சத்தம் போட்டவர்களுக்கு வருவோம். முதல் பெயர் அலெக்ஸ் ஹிக்கின்ஸ். பெல்ஃபாஸ்ட்காரர், 1972, 1982 உலகச் சாம்பியன். 1986-ல் போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீர் கேட்டதில் தகராறாகி, போட்டி அதிகாரி ஒருவரைத் தலையால் முட்டினார். 12,000 பவுண்ட் அபராதம், 5 போட்டிகளுக்குத் தடை. 1990-ல் சக ஆட்டக்காரர் டென்னிஸ் டெய்லரிடம் ‘உன்னைச் சுட வைப்பேன்’ என்கிற அளவுக்குப் போனார். அதே ஆண்டு ஒரு பத்திரிகைத் தொடர்பு அதிகாரியின் வயிற்றில் குத்தினார். குடி, சிகரெட், கடன், கடைசியில் தொண்டைப் புற்றுநோய். 2010-ல் இறந்தார். கெட்ட பெயர் என்று எதையெல்லாம் சொல்லலாமோ அத்தனையும் அவரிடம் இருந்தது. ஆட்டத்தை விற்றார் என்ற தீர்ப்பு மட்டும் இல்லை.

அடுத்து ரோனி ஓ’சல்லிவன். 2006-ல் ஸ்டீபன் ஹெண்ட்ரி என்ற ஆட்டக்காரரோடு ஆடும்போது 4-1 பின்தங்கி, நடு ஃபிரேமில் (ஒரு போட்டியில் வரும் பல சுற்றுகளில் ஒன்றுதான் ஃபிரேம்) கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிப் போனார். 20,800 பவுண்ட் அபராதம். எனக்குப் பிடித்தது 2010 வேர்ல்ட் ஓபன், கிளாஸ்கோ. பிரேக்கின் தொடக்கத்திலேயே நடுவரிடம் ‘147 அடித்தால் எவ்வளவு பரிசு?’ என்று கேட்கிறார். 147 என்பது ஒரு பிரேக்கில் எடுக்கக்கூடிய உச்சம். அதற்குத் தனிப் பரிசு இல்லை என்று தெரிகிறது. கடைசிக் கருப்பு மட்டும் பாக்கி. அதைப் போடாமல் எதிராளிக்குக் கை கொடுத்துவிடுகிறார். நடுவர் யான் வெர்ஹாஸ் ‘ரசிகர்களுக்காகவாவது போடுங்கள்’ என்று கெஞ்ச, திரும்பி வந்து போட்டார். திமிர்தான். ஆனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற திமிர்.

அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெயர் மார்க் கிங். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டீபன் லீ. ஸ்நூக்கர் பார்ப்பவர்களிடம் ‘யாருடைய கையசைவு அழகு?’ என்று கேட்டால் பாதிப் பேர் லீ பெயரைச் சொல்வார்கள். பருத்த உடம்பு, ஆனால் க்யூ போய் வருவது வெண்ணெயில் கத்தி மாதிரி. 5 தரவரிசைப் பட்டங்கள், உலகத் தரவரிசையில் 5-ம் இடம் வரை போனவர். யாரோடும் வம்பில்லை. 2013-ல் அவர் மேல் தீர்ப்பு வந்தது: 2008-லும் 2009-லும் ஆடிய 7 ஆட்டங்களில் முடிவையோ ஸ்கோரையோ முன்கூட்டியே பேசி வைத்திருந்தார் என்று. 12 ஆண்டுத் தடை.

அந்த 7 ஆட்டங்களைப் பார்த்தால் தொழில் எப்படி நடக்கிறது என்று புரியும். எல்லாமே ‘ஆட்டத்தைத் தோற்றுவிடு’ ரகம் இல்லை. 2008 யுகே சாம்பியன்ஷிப்பில் ஹெண்ட்ரியோடும் இன்னொருவரோடும் ஆடியபோது பேச்சு, முதல் ஃபிரேமை மட்டும் விடுவது. முதல் ஃபிரேம் போனால் என்ன, மீதியில் ஜெயித்துக்கொள்ளலாமே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ள வசதியான ஏற்பாடு. 2009 உலகச் சாம்பியன்ஷிப்பில் ரையன் டேயிடம் 10-4 என்று தோற்றது வேறு ரகம். அது உலகிலேயே பெரிய மேடையான ஷெஃபீல்ட் குரூசிபிளில் நடந்தது. இந்த ஆட்டங்களின் மேல் லீக்கு வேண்டியவர்கள் கட்டிய பந்தயம் மொத்தம் 1,11,000 பவுண்டுக்கு மேல். அவர்கள் பார்த்த லாபம் 97,000 பவுண்டுக்கு மேல். மாட்டியதும் அந்தப் பந்தயங்களால்தான். இங்கிலாந்தில் பந்தயம் சட்டப்படி நடக்கிற தொழில். யாரும் சீண்டாத ஒரு ஆட்டத்தின் மேல், அதுவும் 10-4 போன்ற குறிப்பிட்ட ஸ்கோரின் மேல், திடீரென்று பணம் குவிந்தால் பந்தய நிறுவனமே மணி அடித்துவிடும். அடியில் இருக்கும் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது, பணம் போகிற தடத்தைப் பிடித்துவிடலாம்.

லீ கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தடைக்குப் பிறகு தன் க்யூவை ஹாங்காங் ரசிகர் ஒருவருக்கு 1,600 பவுண்டுக்கு விற்று, பணத்தை வாங்கிக்கொண்டு க்யூவை அனுப்பாமல் 2014-ல் நீதிமன்றத்தில் நின்றார். ஃபிக்ஸிங் வழக்கைவிட அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தக் கையசைவு வந்தது அந்த க்யூவில்.

அப்புறம், மேலே சொன்ன யுகே ஆட்டத்தில் லீக்கு எதிரே இருந்த ‘இன்னொருவர்’? அதே மார்க் கிங். அன்று அவர் பக்கம் எந்தத் தப்பும் இல்லை, அவர் பாட்டுக்கு முதல் ஃபிரேமை ஜெயித்தார்.

ஜான் ஹிக்கின்ஸ் விவகாரத்தையும் பலர் ஃபிக்ஸிங் பட்டியலில் சேர்த்துச் சொல்கிறார்கள். அலெக்ஸுக்கும் இவருக்கும் உறவில்லை, இவர் ஸ்காட்லாந்துக்காரர். 2010 ஏப்ரலில் உக்ரைனின் கீவ் நகரில், தொழிலதிபர்களாக நடித்த ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ நிருபர்கள் இவரையும் இவர் மேலாளரையும் உட்கார வைத்து, நான்கு ஃபிரேம்களைத் தோற்றால் 3 லட்சம் யூரோ என்று பேசினார்கள். ஹிக்கின்ஸ் தலையாட்டினார். மே 2-ம் தேதி, உலக இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போது பத்திரிகை அதை வெளியிட்டது. வலை விரித்தவர் மஸர் மஹ்மூத். அதே ஆண்டு ஆகஸ்டில் லார்ட்ஸில் பாகிஸ்தான் வீரர்களின் நோ-பால் விவகாரத்தை வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான்.

எதிரே இருப்பவர்கள் ரஷ்ய மாஃபியா என்று பயந்துபோய், உயிரோடு வெளியே வந்தால் போதும் என்று தலையாட்டினேன் என்றார் ஹிக்கின்ஸ். ஃபிக்ஸிங் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். அணுகியதைப் புகார் செய்யாததற்கும், ஒப்புக்கொண்டதுபோலக் காட்டிக்கொண்டதற்கும் 6 மாதத் தடை, 75,000 பவுண்ட் அபராதம். திரும்பி வந்தவர் டிசம்பரில் யுகே பட்டத்தை 10-9 என்று வென்றார்; அடுத்த ஆண்டு நான்காவது முறையாக உலகச் சாம்பியன். எந்த ஆட்டமும் விற்கப்படாத வழக்கு இது. வீடியோவைப் பார்த்தால் முகம் சுளிக்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. நான் தீர்ப்போடு நின்றுகொள்கிறேன்.

என்னை உண்மையில் உலுக்கியது சீன ஆட்டக்காரர்கள் வழக்கு. 2023 ஜூனில் ஒரே தீர்ப்பில் 10 பேர். அதில் லியாங் வென்போவுக்கும் லீ ஹாங்குக்கும் ஆயுள் தடை. தாங்கள் செய்தது போதாதென்று மற்றவர்களையும் இழுத்துவிட்டார்கள். லியாங் ஒரு சாட்சியை மிரட்டினார், செய்திகளை அழித்தார் என்றெல்லாம் நிரூபணமானது. மற்றவர்கள் பெரும்பாலும் சிறுவயதிலேயே ஊரைவிட்டு இங்கிலாந்து வந்து தங்கியவர்கள். அங்கே மொழி புரியாமல் தவிக்கும் பையனுக்கு, ஊர்க்கார அண்ணன்தான் எல்லாம். அந்த அண்ணனே ஃபோன் போட்டு ‘இந்த ஆட்டத்தை விடு’ என்றால்? என் பார்லர்காரர் ‘கண்ணு’ என்றபோதே என்னால் மறுக்க முடியவில்லை, இத்தனைக்கும் அங்கே மிரட்டல் கிடையாது. அந்தப் பையன்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. எப்படி விழுந்தார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அதில் யான் பிங்டாவோ பெயர் இருந்ததை ஜீரணிக்க நாளானது. 2014-ல் பெங்களூரில் நடந்த உலக அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை 14 வயதில் வென்ற பையன் அவர். 2021 மாஸ்டர்ஸ் இறுதியில் ஜான் ஹிக்கின்ஸை 10-8 என்று வீழ்த்தியபோது வயது 20. ஒரு பந்துக்கு ஒரு யுகம் யோசித்து ஆடும் பொறுமைசாலி. இந்தப் பையன் கெட்டுப்போவான் என்று யாராவது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் எதிராகத்தான் கட்டியிருப்பேன். 5 ஆண்டுத் தடை, 2027 டிசம்பர் வரை.

ஜாவோ ஷின்டாங் கதை வேறு. அவர் எந்த ஆட்டத்தையும் விற்கவில்லை. யான் விற்ற இரண்டு ஆட்டங்களில் உடந்தை, தானே ஸ்நூக்கர் ஆட்டங்களின் மேல் பந்தயம் கட்டியது, இவை இரண்டும்தான் குற்றம். ஒப்புக்கொண்டதால் தண்டனை குறைந்து 20 மாதம். தடை முடிந்து அமெச்சூராக வந்து, 4 தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, அரையிறுதியில் ஓ’சல்லிவனை 17-7 என்று துவைத்து, 2025 மே 5-ம் தேதி மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். ஆசியாவிலிருந்து முதல் ஆள். இங்கே நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தேன். சீனக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்றபோது கைதட்டினேன். தட்டும்போதே, தட்டலாமா என்றும் தோன்றியது. தட்டினேன்.

மார்க் கிங்குக்கு வருகிறேன். 1991-லிருந்து தொழில்முறை ஆட்டக்காரர். இருபத்தைந்து ஆண்டுகள் ஆடிய பிறகு 2016-ல் வட அயர்லாந்து ஓபனில்தான் ஒரே ஒரு தரவரிசைப் பட்டம், 9-8. அன்று குழந்தை மாதிரி அழுதார். சூதாட்டப் பழக்கத்தோடு பட்ட பாட்டை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2023 பிப்ரவரி வெல்ஷ் ஓபனில் ஜோ பெர்ரியிடம் 4-0 என்று தோற்றார். அந்த ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டப்பட்ட விதம் சரியில்லை என்று அடுத்த மாதமே இடைநீக்கம் செய்தார்கள். விசாரணையில் ஃபிக்ஸிங் நிரூபணமாகி 5 ஆண்டுத் தடை. பெர்ரி மேல் எந்தக் குற்றமும் இல்லை. ரோனி பரிசுக்குப் பேரம் பேசியபோதும், லீ ஃபிரேமை விட்டபோதும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்.

என் கதையின் மிச்சம்: அன்று என்னிடம் ஜெயித்த அண்ணன் இப்போதும் பார்லருக்கு வருகிறார். புதிதாக யாராவது வந்தால் என்னைக் காட்டி, “இவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. ஒருக்கா கடைசிப் பந்து வரைக்கும் போயி இவன அடிச்சேன். ஞாபகம் இருக்காடா?” என்பார்.

“இருக்குதுங்ண்ணா.”