400 கிலோ காட்டுப்பன்றி உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாப்டூர் மலையடிவாரத்தில் 400 கிலோ காட்டுப்பன்றி என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நம்பலாமா? (பேரையூர்)

வேண்டாம். நம் ஊர்க் காட்டுப்பன்றியில் முற்றிய ஆண், தோள் வரை சுமார் 90 செ.மீ. உயரம் இருக்கும். 230 கிலோ என்பதே அபூர்வமான உச்சம். வயலுக்குள் வருகிற ஆண்கள் பெரும்பாலும் 100 கிலோவை ஒட்டியவை, பெட்டைகள் அதைவிடக் குறைவு. குளிர் நாட்டு இனங்கள் பெரியவை. கார்ப்பாத்திய மலைகளிலும் ரஷ்யத் தூரக்கிழக்கிலும் 250 கிலோவைத் தாண்டுபவை உண்டு. மத்தியதரைக் கடலோரத்துப் பன்றிகளோ மறுபடி சிறியவை.

2004-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுட்ட 'ஹாக்ஸில்லா'வை 12 அடி நீளம், ஆயிரம் பவுண்டு என்றார்கள். புதைத்ததைத் தோண்டி ஆராய்ந்தபோது நீளம் சுமார் 8 அடிக்கும், எடை 800 பவுண்டுக்கும் (360 கிலோ) இறங்கிவிட்டது. அதுவும் வளர்ப்புப் பன்றியின் ரத்தம் கலந்த கலப்பினம். 2007-இல் அலபாமாவில் பேசப்பட்ட 'அரக்கப் பன்றி' பண்ணையில் வளர்ந்தது என்று பிறகு தெரிந்தது. படத்தில் பன்றியின் அளவைப் பார்க்காதீர்கள், ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஆறடி பின்னால் குத்தவைத்திருந்தால் எந்தப் பன்றியும் மலைதான்.

ரோட்டில் அடிபட்டுக் கிடந்த பன்றியின் எடையைத் தராசில்லாமல் கணிக்க முடியுமா? (உசிலம்பட்டி)

முடியும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் × 69.3 = கிலோ. சுற்றளவு 1 மீட்டர், நீளம் 1.3 மீட்டர் என்றால் சுமார் 90 கிலோ. இது வளர்ப்புப் பன்றிக்கான கணக்கு. காட்டுப்பன்றிக்குப் பின்பக்கம் ஒடுங்கி இருப்பதால் விடை சற்றுக் கூடுதலாகவே வரும். தப்பு நடப்பது சுற்றளவில்தான். வெயிலில் கிடந்து ஊதிய உடம்பில் சுற்றளவு பத்து சதவீதம் கூடினால், எடை 21 சதவீதம் கூடிவிடும்.

வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, தள்ளியே நில்லுங்கள். முதுமலையில் 2023-இல் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்தன. அது மனிதனுக்குத் தொற்றாது. ஆனால் உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊர்ப் பன்றிப் பட்டிக்குப் போகும்.

வெளிநாட்டில் பன்றித் தந்தத்துக்குத் தங்கப் பதக்கம் தருகிறார்களாமே, எப்படி அளக்கிறார்கள்? (மேலூர்)

அங்கே எடைக்கு மதிப்பெண்ணே கிடையாது. சிஐசி என்ற பன்னாட்டு வேட்டை அமைப்பின் கணக்கில் கீழ்த்தாடைத் தந்தங்கள் இரண்டின் சராசரி நீளம் செ.மீ.க்கு ஒரு புள்ளி, சராசரி அகலம் மி.மீ.க்கு மூன்று புள்ளி. மேல்தாடைத் தந்தங்களின் சுற்றளவுகளைச் செ.மீ.யில் கூட்டிச் சேர்ப்பார்கள். அழகுக்கு 5 புள்ளி வரை கூடும், குறைபாட்டுக்குக் கழியும். 110 வெண்கலம், 115 வெள்ளி, 120 தங்கம்.

நீளம் 22 செ.மீ., அகலம் 27 மி.மீ., மேல்தந்தங்கள் 7 + 7 செ.மீ., அழகு 4 என்றால் 22 + 81 + 14 + 4 = 121. ஒரு மில்லிமீட்டர் அகலம் மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமம் என்பதைக் கவனியுங்கள். அகலம் வயதால் வருவது, தீனியால் மட்டும் வராது. அதனால்தான் கொழுத்த இளம் ஆணைவிட, மெலிந்த கிழட்டு ஒற்றைப் பன்றிக்கு அங்கே வேட்டைக் கட்டணம் அதிகம்.

தந்தத்தில் வெளியே தெரிவது மூன்றில் ஒரு பங்குதான், மீதி தாடை எலும்புக்குள் வளைந்து கிடக்கும். தாடையைக் குட்டையாக அறுத்தால் தந்தமும் சேர்ந்து போகும். அவசரமாகக் காயவைத்தால் நீளவாக்கில் வெடிக்கும், அதனால் உள்ளே மெழுகு ஊற்றுகிறார்கள். வயதும் இதிலேயே தெரியும். அடியில் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் இளசு, இரண்டும் ஏறத்தாழ ஒன்றானால் கிழடு.

நம் பக்கமோ, பன்றியோடு மோதி மாண்டவனுக்குப் 'பன்றி குத்திப் பட்டான் கல்' நட்ட நாடு!

தாத்தா காலத்துப் பன்றிப்பல், வெள்ளிப் பூண் போட்டது, வீட்டில் இருக்கிறது. என்ன விலை போகும்? (அலங்காநல்லூர்)

விலை பேசவே பேசாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து காட்டுப்பன்றி, பாதுகாக்கப்படும் உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டைக் கோப்பை என்று இங்கே அதற்குச் சந்தை மதிப்பு இல்லை, வழக்குதான் மிஞ்சும். வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவித்து, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். முதலில் அது அசல்தானா என்றும் பாருங்கள். அசல் கீழ்த்தந்தம் குறுக்கே முக்கோண வடிவில் இருக்கும், அடிப்பக்கம் உள்ளீடற்றது, நுனியில் மேல்தந்தம் உரசித் தேய்ந்த தட்டையான முகம் இருக்கும். ரெசின் போலிகளில் இவை சரியாக அமையாது.

மக்காச்சோளத்தை உழுது போட்டுவிட்டன. நானே சுடலாமா? (டி.கல்லுப்பட்டி)

கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடுவதற்கில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம். வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது ஆளைக் கொல்லும். அவுட்டுக்காயை (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியை) கடித்து மாடும் நாயும் வாய் சிதறிச் சாகின்றன.

சூரியசக்தி வேலி போடுங்கள், 2023 விதிகளின்படி பதிவு செய்து. கீழ்க்கம்பி தரையிலிருந்து 15–20 செ.மீ., அடுத்தது 40–45 செ.மீ. பன்றி மூக்கால்தான் முதலில் முட்டும். கீழ்க்கம்பி உயர்ந்துவிட்டால் அடியில் தோண்டி நுழைந்துவிடும். கோடையில் நம் செம்மண் காய்ந்துபோய் மின்சுற்று முழுமையடையாது, அதிர்ச்சி உறைக்காது. வேலிக் கம்பிகளில் ஒன்றை எர்த்தோடு இணைத்து இழுத்து விடுங்கள், எர்த் கம்பி நட்ட இடத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், கம்பியைத் தொடும் களையை வெட்டிக்கொண்டே இருங்கள்.