வேப்பிலை கேட்டீர்கள், குளத்தின் அடியைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு நாயாற்றுக் களப்போரம் அரை ஏக்கரில் இறால் குளம். கறுப்பு இறால் விட்டு 50 நாள். ஒரு கிழமையாகத் தீன் எடுப்பது குறைவு. வால் சிவந்து, கரையில் சோர்ந்து கிடக்கின்றன. இரவில் மினுங்குகின்றன. தினமும் பத்துப் பதினைந்து சாகிறது. கடையில் ‘மூலிகைக் கரைசல்’ என்று ஒரு போத்தல் தந்தார்கள். அதை ஊற்றவா, வேப்பிலை அரைத்துக் கரைக்கவா?

பதில்: தம்பி, இரண்டையும் ஊற்றாதீர்கள். வேம்பு பூச்சிகள் தோலுரிப்பதைக் கெடுக்கும் சரக்கு. இறாலும் தோலுரித்துத்தான் வளர்கிறது.

ஓர் இறாலை இருட்டறையில் வைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கலக்காமலே உடம்பு ஒளிர்ந்தபடி இருந்தால் விப்ரியோ பக்டீரியாதான். தலையோட்டின் உட்புறம் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது 1990களில் புத்தளம், சிலாபம் பண்ணைகளைப் படுக்கவைத்த வைரசாக இருக்கலாம். அதற்கு எந்த மூலிகையும் கேட்காது. உடனே நக்டா (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) அலுவலரிடம் காட்டுங்கள்.

உள்ளி (வெள்ளைப்பூண்டு), கொய்யா இலை, நிலவேம்பு மூன்றும் ஆய்வுகூடத்தில் விப்ரியோவைத் தடுக்கின்றன. எனக்கும் அவற்றில் நம்பிக்கை உண்டு. ஆனால் அவை தீனோடு உள்ளே போகவேண்டியவை. தீனைத் தொடாத இறாலுக்கு எப்படிக் கொடுப்பீர்கள்? இன்னும் சாப்பிடுகிற இறாலைக் காப்பாற்றத்தான் மூலிகை. ஒரு கிலோ தீனுக்கு 10 கிராம் உரித்த உள்ளி. இடித்துப் பத்து நிமிடம் வைத்து, முட்டை வெள்ளைக்கருவோடு பிசறி, நிழலில் உலர்த்தி, ஒரு கிழமை கொடுங்கள். அவிக்க வேண்டாம், சூட்டில் அதன் வீரியம் போய்விடும்.

போன அறுவடைக்குப் பிறகு குளத்தை எத்தனை நாள் காயவிட்டீர்கள்? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியதும் அதைத்தான். நான் பார்த்த நோய்க் குளங்களில் பெரும்பாலானவற்றில் கால் வைத்ததும் கறுப்புச் சேறும் கூழ்முட்டை நாற்றமும்தான். மிஞ்சிய தீனும் எச்சமும் அழுகுகிற அந்தச் சேற்றில்தான் விப்ரியோ பெருகுகிறது. ஆடி, ஆவணியில் களப்பு முகம் மணலால் அடைபட்டு உப்பு ஏறினால் அதற்கு இன்னும் வசதி. ஆகவே இன்றே தீனைப் பாதியாக்குங்கள். தீன் தட்டை இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை இன்னும் குறையுங்கள். தீன் விற்கிற முகவர் இதைச் சொல்லமாட்டார், மூட்டை குறைந்தால் அவருக்கு நட்டம். நடுக்குளத்துச் சேற்றைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள். தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரத்தை இரவு முழுக்க ஓடவிடுங்கள். அறுவடை முடிந்ததும் கறுப்பு மண்ணைச் சுரண்டி வரம்புக்கு வெளியே கொட்டி, நிலம் வெடிக்கும்வரை வெயிலில் விடுங்கள். வன்னியில் இல்லாத வெயிலா?

அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். மூலிகை என்ற பெயரில் தடைசெய்த குளோரம்பெனிகோல் என்ற அன்டிபயோட்டிக் மருந்து கலந்திருந்தால், ஏற்றுமதிப் பரிசோதனையில் பிடிபடுவது உங்கள் இறால்தான். கடைக்காரர் அப்போது உங்கள் பக்கம் வந்து நிற்கமாட்டார்.

அப்புறம், செத்த இறாலைப் பொறுக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். குளத்து நீரை இப்போது நாயாற்றுக்குள் திறந்துவிடாதீர்கள். அங்கே வலை வீசிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இருட்டறையில் என்ன கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.